வழமைசாராச் சதுரங்கத் திறப்புகளை எதிர்கொள்ளல்

சதுரங்கத்தில் வழமைசாராத் திறப்பு என்பது, போட்டிகளில் பரவலாக ஆடப்படும் தொடக்க நகர்வுகளை விடுத்து, அரிதான அல்லது விசித்திரமான நகர்வுகளால் ஆட்டத்தைத் தொடங்குவதைக் குறிக்கும். வெள்ளை ஆட்டக்காரரும் கறுப்பு ஆட்டக்காரரும் இத்தகைய திறப்புகளைப் பயன்படுத்துவதுண்டு. இவற்றுட் பெரும்பாலானவை கோட்பாட்டளவில் வலிமை குறைந்தவை. ஆயினும் உலக வாகையாளர்களே இவற்றுக்கு எதிராகத் தோல்வியடைந்துள்ளனர். அத்தோல்விகளை ஆராய்ந்தால், தோற்றவர் பெரும்பாலும் திறப்பினால் நேரடியாக வீழ்த்தப்படவில்லை என்பதும், எதிராளி விட்டுக்கொடுத்ததைப் பயன்படுத்தத் தவறியதாலோ, அவரை உடனே தண்டிக்க முயன்றதாலோ தோற்றார் என்பதும் தெரியவரும். எனவே இத்திறப்புகளை எதிர்கொள்ளும் முறை சதுரங்கப் பயிற்சியில் தனியாகக் கற்கத்தக்க ஒரு பகுதியாகும்.

குறியீட்டு முறை

இக்கட்டுரையில் பலகையின் நிரல்கள் வெள்ளையின் இடப்புறத்திலிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் எனவும், வரிசைகள் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரையும் குறிக்கப்படுகின்றன. சிப்பாயின் நகர்வுக்கு அது சென்றடையும் கட்டத்தின் பெயர் மட்டும் தரப்படுகின்றது. பிற காய்களுக்குக் காயின் பெயரும் கட்டத்தின் பெயரும் சேர்த்துத் தரப்படுகின்றன (எடுத்துக்காட்டு: குதிரை-எஃப்3). வெட்டுதல் × என்ற குறியாலும், முற்றுகை + என்ற குறியாலும் காட்டப்படுகின்றது. நகர்வெண்ணை அடுத்து மூன்று புள்ளிகள் இருப்பின் அது கறுப்பின் நகர்வாகும்.

வரையறையும் வகைப்பாடும்

ஆட்டத்தின் முதல் நகர்வில் வெள்ளைக்கு 20 வாய்ப்புகள் உள்ளன. இவற்றுள் 16 சிப்பாய் நகர்வுகள், 4 குதிரை நகர்வுகள். போட்டி ஆட்டங்களில் மிகப் பெரும்பான்மையானவை 1.இ4, 1.டி4, 1.சி4, 1.குதிரை-எஃப்3 ஆகிய நான்கில் ஒன்றைக் கொண்டே தொடங்குகின்றன. பெல்கிரேடு நகரின் செஸ் இன்ஃபார்மேட்டர் வெளியிட்ட சதுரங்கத் திறப்புக் கலைக்களஞ்சியம், வெள்ளையின் அரிதான முதல் நகர்வுகளான 1.ஏ3, 1.பி4, 1.ஜி4 முதலியவற்றை ஏ00 என்ற ஒரே பிரிவில் அடக்குகின்றது. 1.இ4 என்ற நகர்வுக்குக் கறுப்பு அளிக்கும் அரிதான பதில்கள் பி00 என்ற பிரிவில் இடம்பெறுகின்றன.

எதிர்கொள்பவரின் நோக்கில் இப்பிரிவுகளால் அதிகப் பயனில்லை. அவருக்குத் தேவையான வேறுபாடு வேறொன்று. சில அரிய நகர்வுகள் எதையும் கெடுப்பதில்லை. ஒரு நகர்வுக்கான வேகத்தை மட்டும் இழக்கின்றன. 1.ஏ3 இவ்வகையைச் சேர்ந்தது. வேறு சில நகர்வுகள் சொந்த அரண்மனைச் சுவரையே இடிக்கின்றன. 1.ஜி4, 1.எஃப்3 ஆகியன இவ்வகையின. 1.எஃப்3 இ5 2.ஜி4 அரசி-எச்4 என இரண்டே நகர்வுகளில் வெள்ளை இறுதி முற்றுகைக்கு உள்ளாவது சதுரங்கத்தின் மிகக் குறுகிய ஆட்டமாகும். மூன்றாவது வகை, ஒரு சிப்பாயைப் பலி கொடுத்துப் பொறி வைப்பது. முதல் வகைக்கு ஏற்ற பதில் மூன்றாவது வகைக்குப் பொருந்தாது. எனவே வந்த நகர்வு எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

வரலாறு

ஒரு திறப்பு வழமையானதா இல்லையா என்பது காலத்தைப் பொறுத்து மாறி வந்துள்ளது. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொல்கத்தாவில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் காக்ரேனுடன் பல ஆட்டங்கள் ஆடிய மகேஷ்சந்திர பானர்ஜி, மையத்தைச் சிப்பாய்களால் உடனே பிடிக்காமல் அமைச்சரைப் பக்கவாட்டில் ஜி7 கட்டத்தில் நிறுத்தி ஆடினார். அன்றைய ஐரோப்பியரின் கண்ணுக்கு இது ஒழுங்கற்ற ஆட்டமாகவே தெரிந்தது. இன்று அதே அமைப்பு இந்தியத் தடுப்பாட்டங்கள் என்ற பெயரில், உயர்நிலைப் போட்டிகளில் மிகுதியாக ஆடப்படும் திறப்புக் குடும்பங்களுள் ஒன்றாக விளங்குகின்றது. 1921 இல் புடாபெஸ்ட் போட்டியில் அலெக்சாந்தர் அலேகின் 1.இ4 நகர்வுக்கு 1...குதிரை-எஃப்6 என ஆடி, தம் குதிரையைச் சிப்பாய்கள் துரத்த இடமளித்தபோது அதுவும் விசித்திரமாகவே பார்க்கப்பட்டது. அது இன்று அவர் பெயரால் அலேகின் தடுப்பாட்டம் எனப்படுகின்றது.

எல்லா அரிய நகர்வுகளுக்கும் இந்த உயர்வு கிட்டியதில்லை. 1858 இல் பாரிசில் பால் மார்ஃபியுடன் ஆடிய தொடராட்டத்தில் அடால்ஃப் ஆண்டர்சன் மூன்று முறை 1.ஏ3 என்று தொடங்கினார். அவற்றுள் ஒன்றில் வென்று, ஒன்றில் தோற்று, ஒன்றைச் சமன் செய்தார். 1924 இல் நியூயார்க் போட்டியின்போது சவியெல்லி தார்த்தகோவர் அந்நகரின் விலங்குக்காட்சிச் சாலைக்குச் சென்று, சூசன் என்ற ஒராங்குட்டானைக் கண்டு, பின்னர் கேசா மரோட்சிக்கு எதிராக 1.பி4 என்று ஆடினார். அதனால் அத்திறப்பு ஒராங்குட்டான் திறப்பு எனப் பெயர் பெற்றது. அதை முறையாக ஆராய்ந்து 1963 இல் நூல் வெளியிட்ட சோவியத் ஆட்டக்காரர் அலெக்சி சொகோல்ஸ்கியின் பெயராலும் அது அழைக்கப்படுகின்றது. சுவிட்சர்லாந்தின் ஹென்றி குரோப், 1.ஜி4 என்ற நகர்வைத் தம் வாழ்நாள் முயற்சியாகக் கொண்டு நாளிதழ் வாசகர்களுடன் அஞ்சல்வழி ஆட்டங்களில் அதனை ஆடினார். இங்கிலாந்தின் மைக்கேல் பாஸ்மன் (1946–2022) குரோப்பின் திறப்பையும், கறுப்புக்கான 1...ஏ6 என்ற புனித ஜார்ஜ் தடுப்பாட்டத்தையும் போட்டிகளில் ஆடியதோடு இரண்டைப் பற்றியும் நூல்கள் எழுதினார்.

ஆடப்படுவதற்கான காரணங்கள்

தேர்ந்த ஆட்டக்காரர்கள் பழக்கமான திறப்புகளில் பத்து, பதினைந்து நகர்வுகள் வரை நினைவிலிருந்தே ஆடுகின்றனர். அரிய நகர்வு ஒன்றை ஆடுவதன் முதன்மை நோக்கம் எதிராளியை இந்த நினைவிலிருந்து வெளியேற்றுவதாகும். அந்த நகர்வை ஆடுபவர் அதனால் எழும் நிலைகளை வீட்டில் ஆராய்ந்திருப்பார். எதிராளியோ கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கையில் அவற்றை முதன்முறையாகச் சந்திப்பார். பலகையில் இழக்கும் சிறு அனுகூலத்தை நேரத்தாலும் எதிராளியின் குழப்பத்தாலும் ஈடுசெய்யலாம் என்பது கணக்கு.

இக்கணக்கு மனிதருக்கு எதிராக மட்டும் போடப்பட்டதன்று. 1997 இல் ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ கணினியுடன் ஆடிய தொடரின் மூன்றாவது ஆட்டத்தில், கணினியில் பதியப்பட்ட திறப்புத் தொகுப்பிலிருந்து அதனை விலக்குவதற்காக கேரி காஸ்பரோவ் 1.டி3 என்று தொடங்கினார். அந்த ஆட்டம் சமனில் முடிந்தது. தொடரை டீப் புளூ 3½–2½ என்ற கணக்கில் வென்றது.

உளவியல் காரணம் ஒன்றும் உண்டு. எதிராளி தம்மை மதிக்கவில்லை என்ற எண்ணத்தை விசித்திரமான நகர்வு தோற்றுவிக்கின்றது. அவ்வெண்ணம் கொண்டவர் வழக்கத்தை விட விரைவாகத் தாக்க முற்படுவார். பொறி வைக்கும் திறப்புகள் அனைத்தும் இந்த அவசரத்தையே நம்பியுள்ளன.

எதிர்கொள்ளும் முறை

எதிராளியின் அரிய நகர்வைக் கண்டதும் கேட்கப்பட வேண்டிய முதல் வினா, அது எதையேனும் அச்சுறுத்துகின்றதா என்பதே. மிக எளிய வினாவாயினும், தொடக்கநிலை ஆட்டக்காரர்கள் இதைத் தவறவிட்டே பெரும்பாலும் தோற்கின்றனர். 1.இ4 இ5 2.அரசி-எச்5 என்ற நகர்வை எடுத்துக்கொள்ளலாம். அரசியை விரட்டும் ஆவலில் 2...ஜி6 என ஆடினால் 3.அரசி×இ5+ என வெள்ளை ஒரே அடியில் அரசனுக்கு முற்றுகையிட்டு, எச்8 கட்டத்துக் கோட்டையையும் தாக்கி, அதை வென்றுவிடுகின்றது. 2...குதிரை-சி6 என இ5 சிப்பாயைக் காத்த பின், 3.அமைச்சர்-சி4 என்ற நகர்வு எஃப்7 கட்டத்தில் இறுதி முற்றுகையை அச்சுறுத்துகின்றது. 3...ஜி6 என்ற நகர்வுக்கு இப்போதுதான் நேரம் வருகின்றது. ஒரே நகர்வு இரண்டாம் இடத்தில் பெரும் பிழையாகவும் மூன்றாம் இடத்தில் நல்ல பதிலாகவும் அமைவது கவனிக்கத்தக்கது.

அச்சுறுத்தல் எதுவும் இல்லையெனில், அந்த நகர்வு எதை விட்டுக்கொடுத்தது என்று பார்க்க வேண்டும். ஓரச் சிப்பாய் நகர்வுகள் பெரும்பாலும் மையத்தை விட்டுக்கொடுக்கின்றன. அவ்வாறாயின் இரு மையச் சிப்பாய்களையும் முன்னிறுத்திக் குதிரைகளையும் அமைச்சர்களையும் வெளிக்கொணர்ந்து, கோட்டை கட்டுவதே போதுமான தண்டனையாகும். இதனால் ஆட்டம் வென்றுவிடப்படுவதில்லை. கறுப்பாக ஆடுபவர் வழக்கமாகச் சமநிலைக்குப் போராட வேண்டியிருக்க, அது எளிதாகவே கிடைத்துவிடும். வெள்ளையாக ஆடுபவருக்கு வழக்கத்தை விடச் சற்றுக் கூடுதலான அனுகூலம் கிடைக்கும். இந்தச் சிறு ஆதாயத்தோடு மனநிறைவு அடையாதவர்களே சிக்கலுக்கு உள்ளாகின்றனர்.

1.ஏ3 போன்ற காத்திருப்பு நகர்வுகளில் வேறொரு நுட்பம் உள்ளது. வெள்ளை அங்கே தம் முறையைக் கறுப்புக்கு அளித்துவிட்டு, நிறம் மாறிய நிலையில் கறுப்பின் திறப்பு ஒன்றை ஆடக் காத்திருக்கின்றது. 1.ஏ3 இ5 2.சி4 என மார்ஃபிக்கு எதிராக ஆண்டர்சன் ஆடியது, நிறம் மாறிய சிசிலியன் தடுப்பாட்டமே. சிசிலியனில் ஏ நிரல் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்துவது பயனுள்ளது. எனவே 1.ஏ3 வீணான நகர்வாக இல்லாமல் முன்கூட்டியே ஆடிய நகர்வாகிவிடுகின்றது. ஏ3 சிப்பாய்க்கு வேலையில்லாத அமைப்பைக் கறுப்பு தெரிவு செய்வது இங்கு நல்லது. 1...குதிரை-எஃப்6 அல்லது 1...ஜி6 என ஆடி, மையத்தைப் பற்றிய முடிவைத் தள்ளிவைப்பது அவ்வாறான ஒரு வழியாகும்.

பலியாக வைக்கப்பட்ட சிப்பாயை எடுக்கலாமா கூடாதா என்பதற்குப் பொதுவிதி இல்லை. எடுத்த பின் அதைக் காப்பாற்றிக்கொள்ள முயல்வதே பெரும்பாலும் ஆபத்தானது. ஒராங்குட்டான் திறப்பில் 1.பி4 இ5 2.அமைச்சர்-பி2 அமைச்சர்×பி4 3.அமைச்சர்×இ5 குதிரை-எஃப்6 என்ற வரிசையில் கறுப்பு தம் மையச் சிப்பாயைக் கொடுத்து ஓரச் சிப்பாயைப் பெறுகின்றது. மாற்றாக இரண்டு காய்கள் வெளிவந்துவிட்டன, கோட்டை கட்டுதலும் அருகில் உள்ளது. இது கறுப்புக்கு முற்றிலும் ஏற்கத்தக்க மாற்றமாகும்.

நேரப் பயன்பாடும் முக்கியமானது. பழகாத நிலையில் முதல் ஐந்து நகர்வுகளுக்குச் சில நிமிடங்கள் கூடுதலாகச் செலவிடுவது தவறன்று. ஆனால் திறப்பு முழுமையாக முறியடிக்கப்பட வேண்டும் என்று கருதி அரை மணி நேரம் சிந்திப்பவர், எதிராளி விரும்பியதையே செய்கின்றார். முறியடிப்பு என ஒன்று இருக்குமாயின் அதை வீட்டில், ஆட்டம் முடிந்த பின் தேடலாம்.

பொதுவான பிழைகள்

எங்லண்ட் பலியாட்டம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். சுவீடனின் ஃபிரிட்ஸ் எங்லண்டின் பெயர் கொண்ட இத்திறப்பில் கறுப்பு 1.டி4 நகர்வுக்கு 1...இ5 என ஒரு சிப்பாயைக் கொடுக்கின்றது. 2.டி4×இ5 குதிரை-சி6 3.குதிரை-எஃப்3 அரசி-இ7 4.அமைச்சர்-எஃப்4 அரசி-பி4+ 5.அமைச்சர்-டி2 அரசி×பி2 என ஆட்டம் செல்கின்றது. இங்கு அரசியைத் தாக்கும் 6.அமைச்சர்-சி3 மிக இயல்பாகத் தோன்றுகின்றது. ஆனால் 6...அமைச்சர்-பி4 என்ற பதிலால் வெள்ளையின் அமைச்சர் அரசனுக்கு முன் கட்டுண்டு நிற்கின்றது. 7.அரசி-டி2 அமைச்சர்×சி3 8.அரசி×சி3 அரசி-சி1 என்பது இறுதி முற்றுகை. எட்டாம் நகர்வில் குதிரையால் வெட்டினால் முற்றுகைக்குப் பதிலாக ஏ1 கோட்டை இழக்கப்படும். சரியான ஆறாம் நகர்வு, எதையும் நேரடியாகத் தாக்காத 6.குதிரை-சி3 ஆகும். 6...அமைச்சர்-பி4 7.கோட்டை-பி1 அரசி-ஏ3 8.கோட்டை-பி3 எனத் தொடர்ந்தால் விரட்டப்படுவது கறுப்பின் அரசியே. இந்நிலையில் வெள்ளையின் மேலாண்மை பெரிது. பொறியில் சிக்கும் நகர்வும் பொறியை முறிக்கும் நகர்வும் ஒரே சி3 கட்டத்துக்கே செல்கின்றன என்பதால் இதனை நினைவில் வைத்தல் எளிது.

குரோப் திறப்பில் பிழை வேறு வடிவில் வருகின்றது. 1.ஜி4 டி5 2.அமைச்சர்-ஜி2 என்ற நிலையில் ஜி4 சிப்பாய் காவலின்றி உள்ளது. 2...அமைச்சர்×ஜி4 என அதை எடுத்தால் 3.சி4 என்ற நகர்வு வருகின்றது. சி8 கட்டத்தை விட்டு வெளியேறிய அமைச்சர் இனி பி7 சிப்பாயைக் காக்காது. 3...டி5×சி4 எனில் 4.அமைச்சர்×பி7 என ஏ8 கோட்டை தாக்கப்படும். 3...சி6 எனில் 4.சி4×டி5 சி6×டி5 5.அரசி-பி3 என டி5, பி7 ஆகிய இரண்டும் ஒருங்கே தாக்கப்படும். கறுப்பு துல்லியமாக ஆடினால் இங்கும் தாக்குப்பிடிக்க இயலும். ஆயினும் தயாரிப்புடன் வந்தவருக்குப் பழக்கமான களத்தில், தயாரிப்பில்லாதவர் துல்லியமாக ஆட வேண்டிய கட்டாயம் எழுகின்றது. 2...சி6 என முதலில் டி5 சிப்பாயை உறுதிப்படுத்துவது இதனினும் நல்லது. அப்போது ஜி4 சிப்பாயை வெட்டுவது உண்மையான அச்சுறுத்தலாகின்றது. 3.எச்3 என வெள்ளை அதைக் காத்தால் 3...இ5 என மையம் முழுவதும் கறுப்பின் வசமாகும். வெள்ளையின் அரசன் பக்கத்துச் சிப்பாய்கள் இனிப் பின்வாங்க இயலாதவை. அந்த வலுவின்மை ஆட்டம் முழுவதும் நீடிக்கும். அதை நான்காம் நகர்விலேயே பணமாக்க வேண்டிய தேவையில்லை.

குறிப்பிடத்தக்க ஆட்டங்கள்

கார்ப்போவ் – மைல்ஸ், 1980

சுவீடனின் ஸ்காரா நகரில் 1980 இல் நடந்த ஐரோப்பிய அணிகள் வாகையர் போட்டியில், அன்றைய உலக வாகையாளரான அனத்தோலி கார்ப்போவ் சோவியத் அணிக்காக வெள்ளைக் காய்களுடன் இங்கிலாந்தின் டோனி மைல்சை எதிர்கொண்டார். 1.இ4 நகர்வுக்கு மைல்ஸ் 1...ஏ6 என்றும், 2.டி4 நகர்வுக்கு 2...பி5 என்றும் விடையளித்தார். பார்வையாளரிடையே சிரிப்பு எழுந்ததைப் பின்னர் மைல்ஸ் நினைவுகூர்ந்துள்ளார்.

3.குதிரை-எஃப்3 அமைச்சர்-பி7 4.அமைச்சர்-டி3 குதிரை-எஃப்6 5.அரசி-இ2 இ6 என ஆட்டம் தொடர்ந்தது. இதுவரை கார்ப்போவின் ஆட்டத்தில் குறை காண்பதற்கில்லை. மையம் அவருடையது, காய்கள் இயல்பான கட்டங்களில் உள்ளன. அடுத்து 6.ஏ4 சி5 7.டி4×சி5 அமைச்சர்×சி5 என்ற மாற்றம் நிகழ்ந்தது. எதிராளியின் முதல் இரு நகர்வுகள் அவருக்கு அளித்த கூலி டி4, இ4 என்ற சிப்பாய் இணையே. அதில் ஒன்றை ஏழாம் நகர்வில் மாற்றிக்கொண்டதோடு, கறுப்பின் அமைச்சரையும் தாமே வெளியே வரவழைத்துக் கொடுத்தார். அதன்பின் கறுப்பின் நிலை, சிசிலியனில் எழும் ஒரு சாதாரண நிலையை ஒத்திருந்தது. விசித்திரம் எதுவும் எஞ்சவில்லை.

ஆட்டம் அங்கேயே தோற்கப்படவில்லை. கார்ப்போவ் அரசன் பக்கத்தில் தாக்குதலைத் தேடினார். 23 ஆம் நகர்வில் அரசியை டி3 கட்டத்தில் வைத்து எச்7 கட்டத்தைக் குறிவைத்தபோது, மைல்ஸ் ஒரு கோட்டை இணையை மாற்றிக்கொண்டு பி2, இ5 ஆகிய இரு சிப்பாய்களையும் அடுத்தடுத்து வெட்டினார். ஒன்றைக் கார்ப்போவ் மீட்டார். ஒரு சிப்பாய் கூடுதலாகவும் இரு அமைச்சர்களுடனும் இறுதியாட்டத்தை நடத்திய மைல்ஸ் 46 நகர்வுகளில் வென்றார். புனித ஜார்ஜ் தடுப்பாட்டம் இந்த வெற்றியால் நல்ல திறப்பாகிவிடவில்லை. ஆனால் அதற்கு எதிராக மையத்தைக் கைவிடுவது எவ்வளவு விலையுள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. மைல்ஸ் 2001 இல் காலமானார்.

லார்சன் – ஸ்பாஸ்கி, 1970

பெல்கிரேடில் 1970 இல் சோவியத் ஒன்றியத்துக்கும் உலகின் பிற நாடுகளின் அணிக்கும் இடையே நடந்த போட்டியில், டென்மார்க்கின் பெண்ட் லார்சன், பாபி ஃபிஷருக்கும் முன்னதாக முதல் பலகையில் ஆடினார். இரண்டாம் சுற்றில் உலக வாகையாளர் போரிஸ் ஸ்பாஸ்கிக்கு எதிராக அவர் 1.பி3 என்று தொடங்கினார். ஸ்பாஸ்கி 1...இ5 2.அமைச்சர்-பி2 குதிரை-சி6 3.சி4 குதிரை-எஃப்6 என எளிய நகர்வுகளால் மையத்தைப் பிடித்தார். 4.குதிரை-எஃப்3 என லார்சன் குதிரையை மையச் சிப்பாயின் வழியில் நிறுத்தியதும் 4...இ4 என அதைத் துரத்தினார். 5.குதிரை-டி4 அமைச்சர்-சி5 6.குதிரை×சி6 டி7×சி6 என்ற மாற்றத்தில், வெள்ளை ஒரே குதிரையை மூன்று முறை நகர்த்தி மறையச் செய்தது. கறுப்புக்கோ டி நிரல் திறந்து கிடைத்தது.

அதற்குப் பின்னரே தாக்குதல் வந்தது. 10.எஃப்4 என லார்சன் ஆடியதும் குதிரை ஜி4 கட்டத்துக்குப் பாய்ந்தது. எச் நிரல் சிப்பாய் இரண்டு அடிகளில் வெள்ளை அரசனை நெருங்கியது. 14...கோட்டை-எச்1 என ஸ்பாஸ்கி கோட்டையைப் பலி கொடுத்து, தம் சிப்பாய்க்கு ஜி2 கட்டத்தை வென்றுகொண்டார். 17 நகர்வுகளில் லார்சன் ஆட்டத்தைக் கைவிட்டார்.

இந்த ஆட்டம் 1.பி3 என்ற நகர்வை முறியடித்ததாகச் சில நூல்கள் கூறுவது மிகையாகும். தோல்விக்குக் காரணம் நான்காம், பத்தாம் நகர்வுகளே. அதே 1970 இல் ஃபிஷர் 1.பி3 நகர்வை ஆடி, பால்மா டி மயோர்க்காவில் ஹென்ரிக் மெக்கிங்கையும், புவெனஸ் ஐரிசில் விளாதிமிர் துக்மகோவையும் வென்றார். லார்சனும் மூன்றாம் சுற்றில் ஸ்பாஸ்கியைத் தோற்கடித்துத் தம் தோல்விக்கு ஈடுசெய்தார். சோவியத் அணி 20½–19½ என்ற கணக்கில் போட்டியை வென்றது.

நகமுரா – சசிகிரண், 2005

மேலே விளக்கப்பட்ட 1.இ4 இ5 2.அரசி-எச்5 என்ற தொடக்கம் பள்ளிச் சிறுவரின் ஆட்டமாகவே கருதப்படுவது. 2005 இல் கோபன்ஹேகன், மால்மோ நகரங்களில் நடந்த சிகேமன் போட்டியில், அப்போதைய ஐக்கிய அமெரிக்க வாகையாளர் ஹிக்காரு நகமுரா இதனைச் சென்னையைச் சேர்ந்த கிராண்ட்மாஸ்டர் கிருஷ்ணன் சசிகிரணுக்கு எதிராக ஆடினார். சசிகிரண் 2...குதிரை-சி6 3.அமைச்சர்-சி4 ஜி6 4.அரசி-எஃப்3 குதிரை-எஃப்6 5.குதிரை-இ2 அமைச்சர்-ஜி7 என, தொடக்கநிலை மாணவருக்குக் கற்பிக்கப்படும் அதே நகர்வுகளையே ஆடினார். ஒவ்வொரு நகர்வும் ஓர் அச்சுறுத்தலைத் தடுத்தது அல்லது ஒரு காயை வெளிக்கொணர்ந்தது. அரசியைப் பிடிப்பதற்கென்று ஒரு நகர்வும் செலவிடப்படவில்லை.

இந்த ஆட்டத்தைத் திறப்பின் தோல்வியாகக் காட்டுவது சரியன்று. நகமுராவுக்கு நடுவாட்டத்தில் நல்ல நிலை கிடைத்திருந்தது. அங்கு அவர் வாய்ப்பைத் தவறவிட்ட பின்னர், நீண்ட ஆட்டத்தின் முடிவில் சசிகிரண் வென்றார். அதே ஆண்டில் மினியாபொலிசில் நிக்கோலா மித்கோவுக்கு எதிராகவும் நகமுரா இதே நகர்வை ஆடினார். அது சமனில் முடிந்தது. உயர்நிலை ஆட்டக்காரர் ஒருவர் வலுவற்ற திறப்பை ஆடினாலும் அவர் உயர்நிலை ஆட்டக்காரராகவே இருக்கின்றார் என்பதை எதிராளி மறத்தலாகாது. சசிகிரண் அதை மறக்கவில்லை.

ஆடம்ஸ் – கார்ல்சன், 2010

உருசியாவின் காந்தி-மான்சிஸ்க் நகரில் 2010 இல் நடந்த சதுரங்க ஒலிம்பியாடில், தரவரிசையில் முதலிடத்தில் இருந்த நோர்வேயின் மாக்னசு கார்ல்சன், இங்கிலாந்தின் மைக்கேல் ஆடம்சுக்கு எதிராக 1.இ4 ஜி6 2.டி4 குதிரை-எஃப்6 3.இ5 குதிரை-எச்5 என ஆடினார். குதிரை பலகையின் ஓரத்தில் ஒதுங்கியது. ஆடம்ஸ் 4.அமைச்சர்-இ2 என அதைத் தாக்கினார். 4...டி6 என்ற பதிலுக்குப் பின், குதிரையை வெட்டிக் கறுப்பின் சிப்பாய் அமைப்பைக் குலைக்கும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. அவ்வாறு செய்தால் கறுப்புக்கு ஜி நிரலும் இரு அமைச்சர்களின் வலிமையும் கிடைத்திருக்கும். ஆட்டம் கார்ல்சன் விரும்பிய குழப்பத்திற்குள் சென்றிருக்கும். ஆடம்ஸ் அதை விடுத்து 5.குதிரை-எஃப்3 என அடுத்த காயை வெளிக்கொணர்ந்தார். எச்5 குதிரை எங்கும் ஓடிவிடப் போவதில்லை. ஆட்டத்தை ஆடம்ஸ் வென்றார்.

கணினியின் தாக்கம்

கணினி நிரல்கள் வலுவடைந்த பின்னர் வழமைசாராத் திறப்புகளின் உண்மை மதிப்பு தெளிவாகியுள்ளது. வெள்ளையின் 20 முதல் நகர்வுகளுள் 1.ஜி4 மிக மோசமானது என்பதில் அவை பெரும்பாலும் உடன்படுகின்றன. 1.ஏ3, 1.பி3 போன்றவை ஏறக்குறையச் சமநிலையை அளிப்பதாகவே மதிப்பிடப்படுகின்றன. வழமையான திறப்புகள் கணினி உதவியுடன் இருபதாம் நகர்வையும் தாண்டி ஆராயப்பட்டுவிட்டமையால், முன்னணி ஆட்டக்காரர்கள் எதிராளியின் தயாரிப்பைத் தவிர்ப்பதற்காக இத்தகைய அமைதியான அரிய நகர்வுகளை மீண்டும் நாடுகின்றனர். பொறிகளை மட்டும் நம்பிய திறப்புகள் உயர்நிலைப் போட்டிகளில் அருகிவிட்டன. விரைவாட்டங்களில் எதிராளிக்குச் சிந்திக்க நேரமின்மையால் எங்லண்ட், குரோப் முதலியன அங்கு இன்றும் மிகுதியாகக் காணப்படுகின்றன.

நகைச்சுவைக்காக ஆடப்படும் திறப்புகளும் உள்ளன. 2021 மார்ச்சு 15 அன்று இணையவழி நடந்த மாக்னசு கார்ல்சன் அழைப்புப் போட்டியில் கார்ல்சனும் நகமுராவும் 1.இ4 இ5 2.அரசன்-இ2 அரசன்-இ7 என ஆடி, அரசர்களை முன்னும் பின்னும் நகர்த்தி, நிலை மும்முறை திரும்பியதால் ஆட்டத்தைச் சமன் செய்தனர். இருவரும் ஏற்கனவே அடுத்த கட்டத்துக்குத் தகுதி பெற்றிருந்தனர்.